செலஸ்டியாவில் சுழற்சியும் சுற்றுப்பாதையும் தவறும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செலஸ்டியா 2001-இல் கிறிஸ் லாரல் வெளியிட்ட இலவச, திறந்த மூல விண்வெளி மென்பொருள். அதில் நாமே ஒரு கோளையோ நிலாவையோ விண்கலத்தையோ சேர்க்கலாம். எஸ்எஸ்சி என்ற பின்னொட்டு கொண்ட சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று போதும். எழுதுவது அரை மணி நேர வேலை. எழுதி முடித்த பிறகு கோள் ஏன் தலைகீழாகச் சுழல்கிறது, நிலா ஏன் வேறெங்கோ போகிறது என்று தேடுவதில்தான் நாள் போகும். அந்தத் தேடலைக் குறைக்கவே இந்தப் பக்கம். கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்.

செலஸ்டியா ஈர்ப்பு விசையைக் கணக்கிடுகிறதா?

இல்லை. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படை இதுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யுனிவர்ஸ் சாண்ட்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு பொருளும் மற்றதை எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கிட்டு நகர்த்தும். செலஸ்டியா அப்படிச் செய்வதில்லை. கோப்பில் நீங்கள் எழுதிய பாதையில், நீங்கள் எழுதிய வேகத்தில் பொருளை நகர்த்தும், அவ்வளவுதான். சூரியனிலிருந்து 5 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவைப்போல 5 மடங்கு) தொலைவில் ஒரு கோளை வைத்து, அது 1 ஆண்டில் சுற்றி வரும் என்று எழுதினால், தொலைவு கூடக் கூடச் சுற்றுக்காலமும் கூடும் என்ற கெப்ளர் விதி மீறப்படுகிறது. செலஸ்டியா ஒரு எச்சரிக்கையும் காட்டாமல் அப்படியே ஓட்டிக் காட்டும்.

ஆகவே திரையில் தெரியும் தவறு கிட்டத்தட்ட எப்போதும் கோப்பில் உள்ள எண்ணில்தான் இருக்கும். எண் சரியாகவே இருந்தாலும் மூன்று விஷயங்கள் பிசகலாம்: அது எந்த அலகில் உள்ளது, எந்தத் தளத்திலிருந்து அளந்தது, எந்த நேரத்துக்கு உரியது. கீழே உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில் போய் நிற்கும்.

பூமி சுழலவே இல்லை. என்ன செய்வது?

கோப்பைத் தொடும் முன் விசைப்பலகையைப் பாருங்கள். இடவெளி விசையைத் தட்டியிருந்தால் காலம் நின்றுபோயிருக்கும். காலம் இயல்பு வேகத்தில் ஓடினால் பூமி மணிக்கு 15 பாகைதான் திரும்பும், கண்ணுக்குத் தெரியாது. எல் விசையைத் தட்டினால் வேகம் பத்து மடங்கு ஏறும், கே விசை பத்து மடங்கு இறக்கும்.

அப்படியும் சுழலாமல் பின்னணி விண்மீன்கள் மட்டும் ஓடினால், நீங்கள் ஒய் விசையை அழுத்தியிருக்கிறீர்கள். அது உங்களைக் கோளின் தரையோடு பிணைத்துவிடும். கோள் சுழலச் சுழல நீங்களும் கூடவே சுற்றுவதால் அது நிற்பதுபோலத் தெரியும். எஃப் விசையை அழுத்தினால் கோளைப் பின்தொடர்வீர்கள், ஆனால் அதனோடு சுழல மாட்டீர்கள்.

வேகத்தை ஏற்றினால் பூமி எதிர்த்திசையில் சுழல்கிறதே?

சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தெரியுமே, அதே கதைதான். திரை நொடிக்கு 60 சட்டகங்கள் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலம் 10 லட்சம் மடங்கு வேகத்தில் ஓடினால் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 4.6 மணி நேரம் போய்விடும். பூமி ஒவ்வொரு சட்டகத்திலும் 70 பாகை தாவும். 1 கோடி மடங்கில் அந்த இடைவெளி 1,66,667 நொடி. பூமி ஒரு முறை சுழல 86,164 நொடி ஆகிறது. அதாவது ஒவ்வொரு சட்டகத்திலும் இரண்டு முழுச் சுழற்சிக்குச் சுமார் 24 பாகை குறைவாகத் திரும்பியிருக்கும். கண் அதைப் பின்னோக்கிய நகர்வாகத்தான் எடுத்துக்கொள்ளும். சுழலும் திசையைச் சோதிக்க வேண்டுமென்றால் ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு வேகத்திலேயே சோதியுங்கள்.

மேகங்களும் ஏமாற்றும். அவற்றுக்குத் தனி வேகம் உண்டு. ஐ விசையால் மேகப் படலத்தை அணைத்துவிட்டுத் தரையைப் பாருங்கள்.

நான் சேர்த்த பொருள் திரையில் தோன்றவே இல்லை.

டில்டே குறி உள்ள விசையை அழுத்துங்கள். செலஸ்டியா கோப்புகளைப் படித்தபோது எழுதிய செய்திகள் திரையில் வரும். அம்பு விசைகளால் மேலே கீழே நகர்த்திப் படிக்கலாம். பிழை அங்கே பெரும்பாலும் கிடைத்துவிடும். மூடாத அடைப்புக்குறி, இல்லாத தாய்ப்பொருளின் (எதைச் சுற்றுகிறதோ அதன்) பெயர், இணையத்திலிருந்து நகலெடுத்ததால் வளைந்த மேற்கோள் குறிகளாக மாறிப்போன நேர் மேற்கோள் குறிகள் ஆகிய மூன்றும் அடிக்கடி வருபவை. விண்டோஸில் பின்னொட்டு மறைந்திருப்பதால் கோப்பு உண்மையில் எஸ்எஸ்சி-க்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்று முடிவதும் உண்டு.

எண்கள் எல்லாம் சரி, ஆனால் வேகம் தாறுமாறாக இருக்கிறது.

அலகுச் சிக்கல். செலஸ்டியாவில் இது கொஞ்சம் விசித்திரமானது, எனக்குப் பிடிக்காத அமைப்பும்கூட. சுற்றுக்காலத்தைச் சொல்லும் ஒரே பீரியட் வரி, தாய்ப்பொருள் எது என்பதைப் பொறுத்து அலகு மாறும்.

பொருள் ஒரு விண்மீனைச் சுற்றினால் சுற்றுக்காலம் ஆண்டில், அரைநெட்டச்சு (நீள்வட்டப் பாதையின் நீண்ட அச்சில் பாதி) வானியல் அலகில். அதே பொருள் ஒரு கோளையோ நிலாவையோ சுற்றினால் சுற்றுக்காலம் நாளில், அரைநெட்டச்சு கிலோமீட்டரில். சுழற்சிக் காலம் மட்டும் எங்கேயும் மணியில்தான். ஆரம் எப்போதும் கிலோமீட்டர்.

நிலாவின் சுழற்சிக்கு 27.32 என்று எழுதியவர்கள் ஏராளம். செலஸ்டியா அதை 27.32 மணி என்று படித்து, நிலாவை ஏறக்குறைய தினம் ஒரு முறை சுழலவைக்கும். எழுத வேண்டியது 655.72. புறக்கோள்களில், அதாவது வேறு விண்மீன்களின் கோள்களில், இதற்கு நேர்மாறு. 1995-இல் கண்டுபிடிக்கப்பட்ட 51 பெகாசி பி தன் விண்மீனைச் சுற்ற 4.23 நாள் ஆகிறது. அது விண்மீனைச் சுற்றுவதால் ஆண்டுக் கணக்கில் எழுத வேண்டும், 365.25-ஆல் வகுத்தால் 0.01158. அப்படியே 4.23 என்று போட்டால் நாலு ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் சோம்பேறிக் கோளாகிவிடும்.

செயற்கைக்கோள்களில் இன்னொரு பொறி உண்டு. செய்திகளில் வருவது தரையிலிருந்து உயரம். அரைநெட்டச்சு என்பது பூமியின் மையத்திலிருந்து அளப்பது. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு 400 என்று எழுதினால் அது பூமியின் வயிற்றுக்குள் சுற்றும். பூமியின் ஆரத்தையும் சேர்த்துச் சுமார் 6,780 என்று எழுத வேண்டும். புவிநிலைச் செயற்கைக்கோளின் உயரம் 35,786 கி.மீ.; கோப்பில் எழுதுவது 42,164.

சுற்றுக்காலமும் தொலைவும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று எப்படிச் சோதிப்பது?

கால்குலேட்டர் போதும். சூரியனைச் சுற்றுவதென்றால் அரைநெட்டச்சை 1.5 என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள், ஆண்டில் சுற்றுக்காலம் கிடைக்கும். செவ்வாய்க்கு 1.524; விடை 1.881. சரியாக இருக்கிறது.

பூமியைச் சுற்றுவதென்றால் அரைநெட்டச்சை 42,164-ஆல் வகுத்து, 1.5 அடுக்குக்கு உயர்த்தி, 0.99727-ஆல் பெருக்குங்கள். 6,780 கி.மீ.க்கு 0.0643 நாள், அதாவது 92.6 நிமிடம். நிலாவின் 3,84,400 கி.மீ.க்கு 27.45 வரும், உண்மையில் 27.32. நிலாவுக்கே கணிசமான நிறை இருப்பது, சூரியன் இழுப்பது ஆகியவற்றால் வரும் சிறு வேறுபாடு அது. உங்கள் எண் இரண்டு மடங்கோ பத்து மடங்கோ தள்ளிப் போனால்தான் கவலைப்பட வேண்டும்.

பூமி போன்ற ஒரு கோளுக்கு 24 மணி கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் பகலும் இரவும் இடம் மாறிவிட்டன.

செலஸ்டியா கேட்பது விண்மீன்களை வைத்து அளக்கும் சுழற்சிக் காலம். பூமிக்கு அது 23 மணி 56 நிமிடம் 4 நொடி, அதாவது 23.9345 மணி. நாம் கடிகாரத்தில் பார்க்கும் 24 மணி சூரியனை வைத்து அளப்பது. பூமி தினமும் தன் பாதையில் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துவிடுவதால், சூரியனை மறுபடி நேராகப் பார்க்க அந்தக் கூடுதல் நாலு நிமிடம் தேவை. 24 என்று எழுதினால் தினமும் ஒரு பாகை பின்தங்கும். ஆறு மாதத்தில் 180 பாகை.

நீண்ட நாள் கொண்ட கோள்களில் வேறுபாடு பயங்கரம். புதனின் சுழற்சி 58.65 நாள், ஆனால் அங்கே ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகலுக்கு 176 நாள். எந்த அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்தாலும் அது எந்த வகை நாள் என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

அச்சுச் சாய்வு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பருவங்கள் தவறான தேதியில் வருகின்றன.

சாய்வு எவ்வளவு என்பது பாதித் தகவல்தான். எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பது மீதி. அதைச் சொல்வது ஈக்வேட்டர்அசெண்டிங்நோட் வரி; கோளின் நடுவரைத் தளம் அளவுத் தளத்தை வெட்டும் இடமான கணுவின் கோணம் அது. புதிய முறையில் யூனிஃபார்ம்ரொட்டேஷன் தொகுதிக்குள் வரும் அசெண்டிங்நோட். அதை விட்டுவிட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளப்படும். கோள் அழகாகச் சாய்ந்திருக்கும், ஆனால் வேறு திசையில். சனியை வைத்துச் சோதிப்பது எளிது. 2009-இலும் 2025-இலும் அதன் வளையம் பூமியிலிருந்து பார்க்க விளிம்பாக, ஒரு கோடுபோலத் தெரிந்தது. உங்கள் சனியில் அந்த ஆண்டுகளில் வளையம் அகலமாக விரிந்திருந்தால் கணு தவறு.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. புத்தகங்களில் செவ்வாயின் சாய்வு 25.19 பாகை என்று இருக்கும். அது செவ்வாயின் சொந்தச் சுற்றுப்பாதைத் தளத்திலிருந்து அளந்தது. செலஸ்டியாவோ, சூரியனைச் சுற்றும் பொருள்களுக்கு எக்லிப்டிக் தளத்திலிருந்து, அதாவது பூமி சூரியனைச் சுற்றும் தளத்திலிருந்து அளக்கும். செவ்வாயின் பாதை 1.85 பாகைதான் சாய்ந்திருப்பதால் தவறு சிறியது. புளூட்டோவின் பாதை 17 பாகை சாய்ந்தது. அங்கே சும்மா விட முடியாது.

இந்தத் தலைவலியை ஒரேயடியாகத் தீர்க்க, பன்னாட்டு வானியல் ஒன்றியம் வெளியிடும் துருவ எண்களை நேரடியாகப் பயன்படுத்துவதே நல்லது என்பேன். கோளின் துருவம் வானில் எந்தத் திசையை நோக்குகிறது என்பதை வல ஏற்றம், நடுவரை விலக்கம் என்ற இரண்டு கோணங்களால் அவை சொல்லும். பாடிஃபிரேம் தொகுதியில் ஈக்வேட்டர்ஜே2000 என்று தளத்தைச் சொல்லுங்கள். பிறகு சாய்வுக்கு 90-லிருந்து துருவத்தின் நடுவரை விலக்கத்தைக் கழியுங்கள். கணுவுக்குத் துருவத்தின் வல ஏற்றத்தோடு 90-ஐக் கூட்டுங்கள். மெரிடியன்ஆங்கிள் வரிக்கு டபிள்யூ என்று கொடுத்திருக்கும் மாறா எண்ணைப் போடுங்கள். செவ்வாய்க்கு வல ஏற்றம் 317.681, நடுவரை விலக்கம் 52.887. எனவே சாய்வு 37.113, கணு 407.681, அதாவது 360-ஐக் கழித்தால் 47.681. மெரிடியன்ஆங்கிள் 176.630. நாளொன்றுக்கு 350.892 பாகை திரும்புவதால் சுழற்சிக் காலம் 24.623 மணி. சாய்வு 37 என்று பார்த்துப் பதற வேண்டாம். அது பூமியின் நடுவரையிலிருந்து அளந்த சாய்வு.

பழைய வழிகாட்டிகள் பலவும் 1.5 பதிப்புக்கு முந்தியவை. ரொட்டேஷன்ஆஃப்செட், ஆப்லிக்விட்டி போன்ற பழைய வரிகள் இன்றும் வேலை செய்யும். ஆனால் பழையதையும் யூனிஃபார்ம்ரொட்டேஷனையும் ஒரே பொருளில் கலக்காதீர்கள்.

வெள்ளியும் யுரேனசும் தவறான திசையில் சுழல்கின்றன.

பின்னோக்கிச் சுழல்வதை இரண்டு விதமாக எழுதலாம், இரண்டையும் சேர்த்து எழுதினால் கெட்டது. வெள்ளியின் சாய்வு 177.36 பாகை, சுழற்சி 243.02 நாள் என்பது ஒரு முறை. இங்கே துருவமே கவிழ்ந்திருப்பதாகக் கொள்கிறோம், காலம் நேர் எண். சாய்வு 2.64 பாகை, சுழற்சிக் காலம் எதிர்க்குறி என்பது மற்றது. 177.36 சாய்வோடு எதிர்க்குறியும் போட்டால் இரண்டு முறை திருப்பி, பழைய திசைக்கே வந்துவிடும். யுரேனசுக்கும் இதேபோல 97.77-ஐ நேர்க்குறியோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் 82.23-ஐ எதிர்க்குறியோடு.

ஒன்றியத்தின் எண்களை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: சூரியக் குடும்பத்தின் சராசரித் தளத்துக்கு வடக்கே இருக்கும் துருவத்தையே அவர்கள் கோளின் வடதுருவம் என்கிறார்கள். அதனால் இந்த இரண்டு கோள்களுக்கும் நாளொன்றுக்கான திருப்பம் எதிர்க்குறியோடு வரும். அந்தக் குறியை அழித்துவிடாதீர்கள்.

சுற்றுப்பாதையிலும் இதே குழப்பம். நெப்டியூனின் டிரைட்டன் பின்னோக்கிச் சுற்றுகிறது. 157 பாகைச் சாய்வு அதைச் சொல்லிவிடுகிறது. சில அட்டவணைகளில் சுற்றுக்காலத்துக்கும் எதிர்க்குறி இருக்கும். 5.877 என்று நேர் எண்ணாகவே எழுதுங்கள்.

நிலாவுக்கு 5.145 பாகைச் சாய்வு கொடுத்தேன். கிரகணமே வரமாட்டேன் என்கிறது.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் வைப்பேன்.

கோளைச் சுற்றும் பொருளுக்குத் தளம் எதுவென்று சொல்லாவிட்டால், செலஸ்டியா தாய்க்கோளின் நடுவரைத் தளத்தை எடுத்துக்கொள்ளும். வியாழன், சனி ஆகியவற்றின் பெரிய நிலாக்கள் அந்தத் தளத்தை ஒட்டியே சுற்றுவதால் அவற்றுக்கு இது வசதி. நம் நிலா அப்படி இல்லை. அதன் 5.145 பாகை எக்லிப்டிக்கிலிருந்து அளந்தது. பூமியின் நடுவரையிலிருந்து பார்த்தால் அதன் சாய்வு 18.3-லிருந்து 28.6 பாகை வரை மாறிக்கொண்டே இருக்கும். இந்தச் சுழற்சி முடிய 18.6 ஆண்டு ஆகும்.

தளத்தைக் குறிப்பிடாமல் 5.145 என்று எழுதினால் நிலா எப்போதும் வான நடுவரையை ஒட்டியே திரியும். மார்கழிப் பௌர்ணமி நிலா திருவாதிரை விண்மீனின் பக்கம், தமிழ்நாட்டில் உச்சிக்கு அருகே ஏறி வருவதை நாம் பார்க்கிறோம். உங்கள் நிலா அந்த இரவில் அந்த விண்மீனுக்குத் தெற்கே கிடந்தால் தளம் தவறு என்று அப்போதே தெரிந்துவிடும். ஆர்பிட்ஃபிரேம் தொகுதியைச் சேர்த்து, மையம் பூமி, தளம் எக்லிப்டிக்ஜே2000 என்று எழுதுங்கள்.

அப்படியும் கிரகணத் தேதிகள் துல்லியமாக வராது. ஒரே நீள்வட்டத்தால் நிலாவின் அசைவுகளைப் பிடிக்க முடியாது. சூரியன் அதை ஓயாமல் இழுக்கிறது. அதற்காகத்தான் செலஸ்டியாவோடு வரும் நிலாவுக்கு உள்ளேயே எழுதிய தனிக் கணக்கு இருக்கிறது. அதை மாற்றாமல் வைத்து 2019 டிசம்பர் 26-க்குப் போய்ப் பாருங்கள். கோவை, திண்டுக்கல் வழியே போன கங்கண கிரகணத்தின் நிழல் பூமியின் மேல் நகர்வது தெரியும்.

மற்றக் கோள்களின் நிலாக்களுக்கு ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் அட்டவணையை எடுக்கிறீர்களா? ஒவ்வொரு வரிசைக்கும் எந்தத் தளம் என்பது அங்கேயே இருக்கும். கோளின் நடுவரை, எக்லிப்டிக், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட லாப்லாஸ் தளம் என்று மூன்றும் கலந்து வரும். எண்ணை எடுத்துக்கொண்டு தளத்தை விட்டுவிட்டு வருவதுதான் வழக்கமான தவறு.

செவ்வாயின் எலிப்டிகல்ஆர்பிட் எண்களை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அதே பகுதியில் கஸ்டம்ஆர்பிட் என்று ஒரு வரி இருக்கும். முக்கியக் கோள்களுக்கு விஎஸ்ஓபி87 என்ற கணித முறை உள்ளே இருக்கிறது, அதற்கே முன்னுரிமை. அந்த வரி இருக்கும்வரை நீள்வட்ட எண்களைச் செலஸ்டியா கண்டுகொள்ளாது. சுழற்சிக்கும் கஸ்டம்ரொட்டேஷன் என்று இதேபோல ஒன்று உண்டு. சோதனைக்காக என்றால் மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள். வேறு பெயரில் ஒரு கோளை எக்ஸ்ட்ராஸ் கோப்புறையில் போட்டு விளையாடுங்கள்.

என் நிலா தாய்க்கோளுக்கு ஒரே முகத்தைக் காட்ட வேண்டும். மெல்ல நகர்ந்துபோகிறது.

சுழற்சிக் காலத்தைக் கையால் எழுதியிருப்பீர்கள். நம் நிலாவுக்கு 655.72-க்குப் பதில் 655.7 என்று சுருக்கினால் ஆண்டுக்கு 0.15 பாகை நகரும். நூறு ஆண்டில் 15 பாகை. வரியையே நீக்கிவிடுங்கள். சுழற்சி பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் செலஸ்டியா அதைச் சுற்றுக்காலத்துக்குச் சமமாக வைத்துக்கொள்ளும்.

கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடினால் அது பிழை இல்லை. நீள்வட்டப் பாதையில் வேகம் மாறுவதால் வரும் ஊசலாட்டம் அது. நம் நிலாவுக்கும் உண்டு, ஏறக்குறைய 8 பாகை.

வரைபடம் 180 பாகை திரும்பியிருக்கிறது.

செலஸ்டியாவில் படத்தின் நடுவில்தான் 0 தீர்க்கரேகை. சில வரைபடங்கள் இடது ஓரத்தில் 0-ஐ வைத்துத் தொடங்கும். ரொட்டேஷன்ஆஃப்செட்டில் 180 கூட்டிச் சரிசெய்யத் தோன்றும்; செய்யாதீர்கள். படத்தோடு சேர்ந்து இடப்பெயர்களும் திரும்பிவிடும். செவ்வாயின் ஒலிம்பஸ் மோன்ஸ் என்ற பெயர் எரிமலையே இல்லாத சமவெளியில் மிதக்கும். கிம்ப் போன்ற மென்பொருளில் படத்தைப் பாதி அகலம் நகர்த்திச் சேமியுங்கள்.

சிறுகோளின் பாதை சரி, ஆனால் அது பாதையில் தவறான இடத்தில் நிற்கிறது.

எண்கள் எந்த நேரத்துக்கு உரியவை என்று சொல்லும் ஈபோக் வரியைப் பாருங்கள். அது ஜூலியன் நாள் எனப்படும் தொடர் நாள் எண்ணிக்கையில் இருக்கும். எழுதாவிட்டால் 2451545.0 என்று கொள்ளப்படும். அது 2000 ஜனவரி 1 நண்பகல். சிறுகோள் பட்டியல்களில் எண்கள் வேறு நாளுக்கு உரியவை. உதாரணமாக 2459000.5 என்றால் 2020 மே 31. சில இடங்களில் சுருக்கிய ஜூலியன் நாளாக 59000 என்று இருக்கும். அதோடு 24,00,000.5-ஐக் கூட்டாமல் போட்டால் செலஸ்டியா ஆறாயிரத்துச் சொச்சம் ஆண்டு முந்தைய தேதி என்று நினைத்துக்கொள்ளும்.

நேரம் சரியென்றால் கோணத்தைப் பாருங்கள். அண்மைநிலைக் கோணத்தை, அதாவது பாதையில் தாய்ப்பொருளுக்கு மிக அருகே வரும் இடத்தின் கோணத்தை, இரண்டு வகையாகத் தருவார்கள். சிறுகோள்களுக்குக் கணுவிலிருந்து (பாதை அளவுத் தளத்தைக் கடக்கும் இடத்திலிருந்து) அளந்தது வரும். அது ஆர்க்ஆஃப்பெரிசென்டர் வரிக்கு. கோள்களின் அட்டவணையில் கணுவையும் கூட்டிய நெடுங்கோணம் வரும். அது லாங்ஆஃப்பெரிசென்டர் வரிக்கு. மீன்அனாமலி, மீன்லாஞ்சிட்யூட் ஆகியவையும் அப்படியே. எது எந்தப் பெயரில் வந்ததோ அந்த வரியில் போட்டால் பிரச்சினை இல்லை.

வால்வெள்ளிகளுக்கு அரைநெட்டச்சுக்குப் பதில் பெரிசென்டர்டிஸ்டன்ஸ் வரியில் அண்மைநிலைத் தொலைவைக் கொடுங்கள். ஹேலி போல மிக நீண்ட பாதைகளில் அதுவே நம்பகமானது.

புறக்கோளுக்குச் சாய்வு 90 என்று கொடுத்தேன். பூமியிலிருந்து பார்த்தால் விண்மீனுக்குக் குறுக்கே வரவில்லை.

ஆய்வுக் கட்டுரைகளில் 90 என்றால், நாம் பார்க்கும் வானத் தளத்துக்கு 90 பாகை. நம் பார்வைக் கோட்டிலேயே பாதை படுத்திருக்கிறது என்று பொருள். செலஸ்டியாவுக்கு 90 என்றால் எக்லிப்டிக்குக்கு 90 பாகை. இரண்டும் வேறு. அந்த விண்மீன் வானில் இருக்கும் திசையை வைத்து மாற்றிக் கணக்கிட வேண்டும். ஆரத்திசை வேகத்தால் (விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசையும் வேகத்தால்) கண்டுபிடித்த பல கோள்களுக்குச் சாய்வே தெரியாது. அங்கே பிடித்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்க முடியாது.

புளூட்டோவும் கேரனும் ஒன்றையொன்று சுற்றுவதுபோல எப்படி அமைப்பது?

கேரன் மட்டும் சுற்ற, புளூட்டோ அசையாமல் நின்றால் பார்க்கச் சகிக்காது. அவற்றின் பொது மையம் புளூட்டோவின் மையத்திலிருந்து சுமார் 2,100 கி.மீ. தள்ளி, வெட்டவெளியில் இருக்கிறது. புளூட்டோவின் ஆரமே 1,188 கி.மீ.தான். ரெஃபரன்ஸ்பாயிண்ட் என்று ஒரு கண்ணுக்குத் தெரியாத புள்ளியைச் சூரியனைச் சுற்றவிடுங்கள். அந்தப் புள்ளியைத் தாயாக வைத்து, புளூட்டோவை 2,100 கி.மீ. தொலைவிலும் கேரனைச் சுமார் 17,500 கி.மீ. தொலைவிலும் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே சுற்றுக்காலம், 6.387 நாள். மற்ற எண்களும் ஒன்றே. அண்மைநிலைக் கோணத்தில் மட்டும் 180 வித்தியாசம். தாய் விண்மீன் இல்லை என்பதால் இங்கே அலகு நாளும் கிலோமீட்டரும். புள்ளிக்குச் சொந்தமாக நடுவரை எதுவும் இல்லை, அதனால் ஆர்பிட்ஃபிரேம் தொகுதியை மறக்காமல் எழுதுங்கள்.

விண்வெளி நிலையத்தின் பாதை இரண்டு வாரத்தில் தடம் மாறிவிடுகிறது.

மாறத்தான் செய்யும். பூமி நடுவில் உப்பியிருப்பதால் நிலையத்தின் கணு தினமும் சுமார் 5 பாகை மேற்கே நகர்கிறது. மெல்லிய காற்று வேறு அதை இறக்கிக்கொண்டே இருக்கிறது. நீள்வட்ட வரிகளுக்கு இவை தெரியாது. சில நாளுக்கு ஒரு முறை புது எண்களைப் போடுவதுதான் வழி.

அந்த எண்களை இரண்டு வரித் தொகுப்பிலிருந்து (செயற்கைக்கோளின் பாதையை இரண்டே வரிகளில் தரும் டிஎல்இ வடிவத்திலிருந்து) எடுப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். பாதை எவ்வளவு நீண்டது என்று சொல்லும் மையப்பிறழ்வுக்குத் தசமப் புள்ளி இருக்காது; 0006703 என்றால் 0.0006703. சுற்றுக்காலம் நேரடியாக வராது, நாளொன்றுக்கு எத்தனை சுற்று என்று வரும். 1-ஐ அதனால் வகுங்கள். தேதி 24001.5 என்பதுபோல இருந்தால், 2024-இன் முதல் நாள் நண்பகல், அதாவது 2460311.0. முதல் நாளுக்கு எண் 1, பூஜ்யம் இல்லை. தளத்துக்கு ஈக்வேட்டர்ஜே2000 என்று வெளிப்படையாக எழுதிவிடுவது பாதுகாப்பு.

விண்கலத்தின் பாதையைப் புள்ளிகளாகக் கொடுத்தேன். வளைவுகளில் நெளிகிறது.

கோளை நெருங்கும் இடத்தில் புள்ளிகள் போதவில்லை. நாளுக்கு ஒன்று என்பது விண்வெளியின் நடுவே போதும். கோளைக் கடந்து திரும்பும் நேரத்தில் நிமிடத்துக்கு ஒன்று தேவைப்படலாம். ஒவ்வொரு வரியிலும் ஜூலியன் நாள், பிறகு மூன்று ஆயங்கள், எல்லாம் கிலோமீட்டரில், இடையில் காற்புள்ளி இல்லாமல். ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் ஹொரைசன்ஸ் சேவையிலிருந்து எடுத்தால் மையமும் தளமும் உங்கள் கோப்பில் உள்ளவையோடு ஒத்துப்போக வேண்டும்.

பாதைக் கோடு தெரியவில்லை.

ஓ விசை. அப்புறம் காட்சி அமைப்புகளில் சிறுகோள், விண்கலம் ஆகியவற்றின் பாதைகளுக்குக் குறியிட்டிருக்கிறதா பாருங்கள். திரையில் மிகச் சிறிதாக வரும் பாதைகளைச் செலஸ்டியா வரையாது, கிட்டே போங்கள்.

விண்கலத்தின் மாடல் பக்கவாட்டில் படுத்திருக்கிறது, ஆன்டெனா பூமியைப் பார்க்கவில்லை.

படுத்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் முப்பரிமாண மாடல் செய்யும் பிளெண்டர் மென்பொருள். அதில் மேல்நோக்கிய அச்சு இசட், செலஸ்டியாவில் ஒய். ஓரியன்டேஷன் வரியில் முதலில் 90, அடுத்து எக்ஸ் அச்சைக் குறிக்கும் 1 0 0 என்று எழுதிப் பாருங்கள். எதிர்ப்பக்கம் கவிழ்ந்தால் 90-க்கு எதிர்க்குறி.

ஆன்டெனா பூமியையே பார்த்துக்கொண்டிருக்க பாடிஃபிரேம் தொகுதியில் டூவெக்டர் முறை இருக்கிறது. முதல் அச்சு பூமியை நோக்கி, இரண்டாவது அச்சு சூரியனை நோக்கி என்று சொல்லலாம். இதைச் சரியாக எழுதியும் கலம் சுழன்றுகொண்டே இருக்கிறது என்பார்கள். சுழற்சி பற்றிய வரி இல்லாவிட்டால் செலஸ்டியா சுற்றுக்காலத்துக்குச் சமமாகச் சுழலவைக்கும் என்று மேலே பார்த்தோமே, அது இங்கேயும் நடக்கிறது. ஃபிக்ஸ்ட்ரொட்டேஷன் என்று ஒரு வெற்றுத் தொகுதியைச் சேர்த்தால் நின்றுவிடும்.